கிழங்குக்குள் இருந்த சோறு

மளிகைக்காரன் சரக்கு வைத்த இடத்தில் சும்மா கிடக்கும்; கிழங்குக்காரன் சரக்கு உயிரோடு இருக்கும். ராயபுரத்தில் கிழங்கு மண்டி வைத்திருந்த எனக்கு இது புரியவே சில வருஷம் ஆயிற்று. அழுகுவதையும் முளைப்பதையும் விற்றுப் பிழைத்தவர்களே, இதைக் கேட்டு நீங்களாவது சிரிக்க மாட்டீர்கள்.

மூட்டைக்குள் பிரசவம்

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். பத்து நாளாகத் தெருவெல்லாம் தண்ணீர், வியாபாரமே இல்லை. பிறகு பழைய மூட்டை ஒன்றைப் பிரித்தால், உருளைக்கிழங்கெல்லாம் விரல் நீளம் வெள்ளையாக முளைத்துச் சுருங்கிக் கிடந்தது. மண் இல்லை, வெளிச்சம் இல்லை, ஒரு பிடி உரம் இல்லை. எதைத் தின்று வளர்ந்தது என்று புரியாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

மீன் விற்கும் ரெஜினாம்மா என் வாடிக்கை. ஒரு கிழங்கை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது தன் ஒடம்பையே கரைச்சி புள்ளைக்குக் குடுத்துகினு கீது, நீ இன்னாத்துக்கு நைனா மூஞ்சத் தூக்கி வச்சிகினு குந்திகினு கீற?"

கறுத்த வறுவல்

இன்னொரு முறை வடக்கேயிருந்து, குளிர்க்கிடங்கில் வைத்த உருளைக்கிழங்கு வந்தது. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு அனுப்பினேன். மறுநாள் கேன்டீன் நடத்தும் கோபால் மூட்டையோடு வந்து இறங்கினார். வறுவல் கறுத்துப்போய் வாயில் வைத்தால் இனிக்கிறதாம். தொழிலாளிகள் தட்டைத் தள்ளிவிட்டார்களாம். இனி வேறு மண்டி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு இருந்த பெரிய வாடிக்கையே அவர்தான்.

கடையில் சேப்பங்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா டீச்சர் குறுக்கிட்டார். பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்துபவர். செடி கிழங்கில் மாவாகச் சேர்த்து வைப்பது குளிரில் சர்க்கரையாகிவிடும், வெயில் படாமல் கதகதப்பாகப் பரப்பி வைத்தால் பெரும்பாலும் மாவாகத் திரும்பிவிடும் என்றார். முளைக்கும்போதும் செடி மாவைச் சர்க்கரையாக்கித்தான் தளிருக்கு அனுப்புமாம். நான் நம்பவில்லை; வேறு வழியும் இல்லை. கோபாலுக்குக் குளிர்க்கிடங்கு பார்க்காத நீலகிரிக் கிழங்கு கொடுத்துச் சமாளித்துவிட்டு, திரும்பி வந்ததைப் பரணில் பரப்பினேன். பதினைந்து நாள் கழித்து வீட்டில் வறுத்துப் பார்த்து, பயந்துகொண்டே ஒரு மூட்டை அனுப்பினேன். சாயங்காலமே கோபால் வந்தார்: "அன்னிக்கு நீ குடுத்தது பாயாசத்துக்கு, இன்னிக்குக் குடுத்தது வறுவலுக்கு. டீச்சரம்மாவுக்கு ஒரு கும்புடு சொல்லிடு நைனா."

கண் இல்லாத துண்டு

திருவொற்றியூர் சரோஜா வீட்டுப் பின்புறம் நடுவதற்குச் சேனை கேட்டாள். நல்லெண்ணத்தில் ஓரமாகப் பெரிய துண்டு வெட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியும் முளைக்கவில்லை. நடுவில் முளை விடும் கண்ணை விட்டுவிட்டு வெட்டினேன் என்பது பிறகுதான் உறைத்தது. கண்ணோடு சின்னத் துண்டு கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த தையில், தோண்டிய சேனை ஒன்றை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்: "மூட்ட மூட்டயா அரிசி இருந்து இன்னா புண்ணியம், துன்றதுக்கு ஒரு வாய் வோணாமா?"

அரிசி கிடைக்காத மாதங்கள்

அரிசித் தட்டுப்பாடு வந்தபோது தெற்கேயிருந்து மரவள்ளி இறக்கினேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் செபஸ்தியான் தினமும் வருவார்; நாலு பிள்ளைகள். அவித்த மரவள்ளியும் மீன் குழம்பும்தான் அந்த வீட்டுச் சாப்பாடு. மூன்றாம் மாதமும் அதையே நிறுத்துக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. ஏதாவது பேச வேண்டுமே என்று, டீச்சர் சொன்னதை எடுத்துவிட்டேன்: இலை வெயிலில் ஆக்கியதைச் செடி வேரில் சேர்த்து வைக்கிறது, வறட்சியில் இலை உதிர்ந்தாலும் அதை வைத்து மறுபடி துளிர்த்துக்கொள்ளும் என்று. அவர் கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே கடைக்கு வந்தார். கையில் ஒரு கொடுவா மீன். விலை கேட்டேன், வேண்டாம் என்றார். "செடி தனக்குன்னு வச்சிருந்த சோத்த எம் புள்ளைங்க துன்னுச்சிங்க. செடிக்கு மீனு குடுக்க முடியாது, நீ துன்னு."

செடிகள் தங்களுக்கென்று சேர்த்து வைத்ததை விற்றே என் குடும்பம் தலையெடுத்தது. மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் மிஞ்சியது தோல் மட்டும்தான், அதையும் தெரு மாடு தின்றுவிட்டது.