ஆஸ்திரியரின் நீலச் சட்டை

செங்கல்பட்டில் ஒரு சின்ன கட்டட அலுவலகத்தில் நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், எழுபதைத் தாண்டிய ஓர் ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் எங்களிடம் வந்தார். போர் முடிந்த வியன்னாவில் வீடிழந்தவர்களுக்கு அடுக்கடுக்காகக் குடியிருப்புகள் கட்டியே ஆயுளைக் கழித்தவர். தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்து இரண்டே அறையில் ஒரு வீடு கேட்டார். அதில் ஒரு ராத்திரியாவது படுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நெஞ்சுவலிக்காரர் வேறு. ஜன்னலை அரை அங்குலம் தள்ளி வரைந்துவிட்டால் மூன்று நாள் என்னோடு பேசமாட்டார். பொல்லாத மனுஷன்!

சுவர் எழும்பியதும் திருஷ்டி பொம்மை கட்ட வேண்டும் என்று மேஸ்திரி பழைய சட்டை கேட்டார். பெரியவர் கழித்துப்போட்ட நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தது நான்தான். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. வைக்கோல் திணித்து மாடியில் கட்டிய பிறகு நிமிர்ந்து பார்த்தேன். இடது தோள் சற்று இறங்கி, அவர் நிற்கிற மாதிரியே நின்றது. அவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். சித்தாள்கள் அதற்கு முதுகைக் காட்டிச் சாப்பிட உட்காருவதையே விட்டுவிட்டார்கள்.

வேலை முடிகிற சமயத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பொம்மையை இறக்கிக் கொளுத்திய பிறகுதான் புது வீட்டுக்குக் குடிபோவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"கொளுத்திடலாமே மேஸ்திரி," என்றேன்.

"இன்னாம்மா பேசுற? உசுரோட கீற மனுசன் சட்ட. அவரு அங்க படுத்துகினு கீறாரு, நான் இங்க நெருப்பு வெக்கவா?"

"அப்போ அப்படியே குடிபோகட்டும்."

"ஒரே வூட்ல அதுவும் அவருமா? வாணாம்மா."

"சட்டையை மட்டும் கழட்டிடுங்க."

"நீதான குடுத்த. நீயே போய் கயட்டு."

ரோஷம் வந்து ஏறினேன். நல்ல உச்சிவெயில். ஒரு மாதமாக மழை இல்லை. மேல் பட்டனில் கை வைத்தேன். சட்டை ஈரமாக இருந்தது. கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் மட்டும், வியர்த்த மாதிரி. ஐயோ, எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. பொம்மை அப்படியே மாடியில் நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சென்னையிலேயே ஒரு விடுதியில் தங்கி, தினமும் காலையில் எனக்குப் போன் செய்தார். வீடு தயாரா என்பார். தச்சர் வரவில்லை, கண்ணாடி வரவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். படித்தவள்தான். ஆனாலும் பயம். அவரை அந்தப் பொம்மையோடு ஒரே கூரையின்கீழ் நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு நாள் குரல் மிகவும் இறங்கியிருந்தது. "கட்டில்கூட வேண்டாம். ஒரு பாய் போதும். நாளைக்கு வரட்டுமா?" என்றார்.

"பெயிண்ட் இன்னும் காயவில்லை," என்றேன்.

"சரி, காயட்டும்," என்றார்.

அந்த வாரமே மறுபடி நெஞ்சுவலி வந்து போய்விட்டார். பெயிண்ட் அடித்து முடித்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.