பெரியப்பாவின் கைதட்டல்

எங்கள் வீட்டில் பாடகர் பாடும்போதுதான் பேசலாம். பாட்டுக்கு நடுவே வயலின்கள் எழும்பி வரும் அந்தக் கொஞ்ச நேரம் யாரும் மூச்சைக்கூடச் சத்தமாக விடக் கூடாது. குரல் திரும்பி வந்ததும் பெரியப்பா உயர்த்திய கையை இறக்கி, "ம், இப்ப சொல்லு, என்ன கேட்ட?" என்பார். ஊரெல்லாம் சினிமாப் பாட்டுக் கேட்டது. அவர் மட்டும் பாட்டு எப்போது வாயை மூடும் என்று காத்திருந்தார்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரே வீட்டில்தான் நாங்களும் பெரியப்பா பெரியம்மாவும் இருந்தோம். முன்னறையில், பல்லாவரம் சந்தையில் வாங்கிய இரண்டு மண்பானைகள். அவற்றின் வாயில் கவிழ்த்து வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள். பானைக்குள் இறங்கி ஏறும் இசைக்கு ஒரு ஈரம் வந்துவிடுகிறது என்பார். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் நல்ல இடத்தில் குறுக்கே போய்விட்டால், கையிலிருந்த மிட்டாயைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி அவர் முகம் வாடிப்போகும்.

ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்து அவரே பதிவு செய்வார். அதனால் அவருடைய கேசட்டுகளில் வயலின்களோடு எங்கள் வீட்டுக் குக்கர் விசிலும் அம்மா என்னைத் திட்டுவதும் இருக்கும். கேட்டு அலுத்ததும் அதே கேசட்டின் மேல் வேறொன்றைப் பதிந்துவிடுவார். எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அலை வந்து வந்து அழிக்கும் மணல்தான் அவருடைய கேசட்டுகள்.

அப்படிப்பட்டவருக்கு, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஓர் ஆர்க்கெஸ்ட்ராவின் கச்சேரிக்கு சர்ச் பாடகர் குழு மூலமாக இரண்டு பாஸ் கிடைத்தது. பெரியம்மா கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். இருவரும் மின்சார ரயிலேறிப் போனார்கள். திரும்பி வந்தபோது பெரியம்மா நாலடி முன்னால் நடந்து வந்தாள்.

நடந்தது இதுதான். முதல் பகுதியின் முடிவில் வில்கள் எல்லாம் ஒன்றாக மேலே போய் நின்றபோது பெரியப்பா கை தட்டிவிட்டார். அவர் மட்டும். அந்த மாதிரி இசையில் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். அரங்கமே திரும்பி முதலில் அவரைப் பார்த்துவிட்டுப் பிறகு பெரியம்மாவைப் பார்த்திருக்கிறது.

"சினிமால கிள்ளிக் கிள்ளித் தர்றத அங்க வாரி வாரிக் கொட்டுறாங்கடா. கை சும்மா இருக்குமா?" என்றார் பெரியப்பா.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, விசில் அடிக்காம வந்தியே அண்ணே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிறு வகுப்பில் வசனம் ஒப்பித்தால் தட்டுகிறார்கள். பள்ளியில் ஓடி ஜெயித்தால் தட்டுகிறார்கள். தட்டுவது எப்படிக் குற்றமாகும் என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

"அத்தனை பேரு சும்மா இருக்கும்போது ஒருத்தர் மட்டும் தட்டினா அது தப்புதான்," என்றாள். அத்தனை பேர் தட்டும்போது ஒருத்தர் சும்மா இருந்தால் அதுவும் தப்பா என்று கேட்டேன். போய்ப் படி என்றாள்.

அன்றிலிருந்து அவள் பெரியப்பாவோடு பேசவில்லை. சர்ச்சுக்கும் தனியாகவே போனாள். நடுவில் நான். "உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது." பெரியப்பா ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் அவர் பக்கம் திரும்பிச் சொல்வேன். "வரேன்னு சொல்லு," என்பார். நான் இந்தப் பக்கம் திரும்புவேன். இருவருக்கும் காது நன்றாகத்தானே கேட்கிறது என்ற குழப்பம் எனக்கு.

இதற்கிடையில்தான் அந்தக் கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவில் வரப்போகிறது என்று தெரிந்தது. பெரியப்பா வெளிறிப்போனார். "நான் தட்டினதையெல்லாம் வெட்டித்தான் போடுவாங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"எப்படி வெட்டுவான்? டேப்பு என்ன வாழைக்காயா?" என்ற அப்பா, தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் எங்க அண்ணன் ரேடியோவில் வரப்போகிறார் என்று சொல்லி வைத்தார்.

அந்த ஞாயிறு முன்னறை நிறைந்துவிட்டது. பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்த பக்கத்து வீட்டு பாய், தொழுகை முடிந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார். "நம்ம தெருவுக்கே பெருமை சார்," என்று உண்மையாகவே சொன்னார். பெரியப்பா தலை குனிந்தபடி ரெக்கார்டரின் பட்டனை அழுத்தினார். அவமானமே வந்தாலும் வயலின்களை விட மனமில்லை. பெரியம்மா அடுக்களையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

இசை தொடங்கியது. எனக்கு அது பெரிய மழை ஒன்று கூரை தேடி அலைவது போல இருந்தது. பெரியப்பா கொஞ்ச நேரத்தில் எங்களையெல்லாம் மறந்துபோனார். பிறகு வில்கள் எல்லாம் ஒன்றாக மேலே போயின. போய், நின்றன.

அடுக்களையில் பாத்திரச் சத்தமும் நின்றது. எல்லோரும் ரேடியோவை நோக்கிக் குனிந்தோம். யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

"வரலையே சார்," என்றார் பாய், மெதுவாக.

வெட்டிவிட்டிருந்தார்கள். அவர் வேண்டிக்கொண்டபடியே நடந்துவிட்டது. பெரியப்பா சந்தோஷப்படுவார் என்று திரும்பிப் பார்த்தால், விமானம் குறுக்கே போன முகம். அவருடைய உள்ளங்கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. தப்பித்துவிட்ட ஒருவர் ஏன் இப்படித் தொலைந்துபோனவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

பெரியம்மா. அடுக்களை வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தாள். ஈரக் கைகள், வளையல் குலுங்க. அவள் மட்டும். இப்போது அறையே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. ரேடியோவில் இரண்டாவது பகுதி, பயந்த பிள்ளை கதவைத் திறப்பது போல மெதுவாகத் தொடங்கியதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று ஹெட்ஃபோனில் எந்த ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்டாலும், பகுதிகளுக்கு நடுவில் அந்த நிசப்தம் வரும்போது என் கைகள் கொஞ்சம் தூக்கிக்கொள்கின்றன. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: தட்டியது தப்பென்று அத்தனை நாள் பேசாதிருந்தவள், அதே தப்பை அதே இடத்தில் செய்துவிட்டாள். போதாததற்குப் பதிவும் கெட்டுப்போயிற்று. வயலின்களுக்குப் பிறகு இருமல், பாயின் "வரலையே சார்", வளையல் சத்தத்தோடு கைதட்டல்.

எல்லோரும் போன பிறகு பெரியம்மா வாசலில் நின்று, "டீ ஆறுதுங்க," என்றாள். நான் வழக்கம்போலப் பெரியப்பா பக்கம் திரும்பினேன். "உன்ன யாரு கேட்டா?" என்றாள் என்னிடம்.

பெரியப்பா கேசட்டை வெளியே எடுத்தார். அதன் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பி அதைப் பட்டென்று உடைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. பதிவைக் கெடுத்துவிட்டாளே என்ற கோபம்தான் என்று பயந்து அடுக்களைக்கு ஓடினேன்.

"பெரியம்மா, பெரியப்பா கேசட்ட ஒடைக்கிறாங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பல்லை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின் மேல் பிறகு எதையுமே பதிய முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.