நிற்காமல் எட்டுச் சுற்று

தராசில் வைத்துக் காட்ட முடியாத சரக்கை விற்பது என் தொழில்: வளரும் பிள்ளைகள் நாள்தோறும் ஓட வேண்டும் என்று பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிப் பேசுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு சிறிய அறக்கட்டளை இதற்காக எனக்குச் சம்பளம் தருகிறது என்றால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தையும் பிறகு என் காலணியையும் பார்ப்பார்கள். நல்ல செய்தி ஒன்றைச் சுமந்து சென்று, வாசலிலேயே நிறுத்தப்பட்டுத் திரும்பிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்கள் என் இனம். உங்களை நம்பித்தான் இவற்றைச் சொல்கிறேன்.

சிஸ்டரின் நிபந்தனை

நான் தட்டிய கதவுகளுள் முதலில் திறந்தது ஒரு பெண்கள் பள்ளியின் கதவு. அதன் தலைமையாசிரியை ஒரு கன்னிகாஸ்திரி. அதிகம் பேசாதவர், அதனாலேயே அதிகம் கேட்பவர். ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவு முழுவதையும், முப்பது பெண்களையும், எனக்குத் தர வேண்டும் என்று கேட்டேன். நன்றாக ஓடுபவர்களைப் பொறுக்கியெடுத்துக் கோப்பை வாங்கித் தர நான் வரவில்லை. யாரும் பொறுக்கியெடுக்காத பிள்ளைகளுக்காகவே வந்திருக்கிறேன் என்றேன். உடம்பு என்பது பரிசு வாங்குபவர்களுக்கு மட்டும் வழங்கப்பட்டதன்று என்றும் சொன்னேன். இன்னும் சொல்லியிருப்பேன், சிஸ்டர் கையை உயர்த்தினார்.

பள்ளி தொடங்குவதற்கு முன் இருந்த ஒரு மணி நேரம் அதுவரை கணக்கு டீச்சர் ஸ்டெல்லாவின் சிறப்பு வகுப்புக்கு உரியதாக இருந்தது. அதை எட்டு வாரங்களுக்கு எனக்குத் தருவதாகச் சிஸ்டர் கூறினார். எட்டாவது வார முடிவில் முப்பது பேரும் பள்ளி மைதானத்தை எட்டுச் சுற்று நிற்காமல் ஓட வேண்டும். ஓடிவிட்டால் அந்த நேரம் ஆண்டு முழுவதும் ஓட்டத்துக்கே. வேகம் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நான் மறந்துவிட்டேன். நகரின் மற்றப் பள்ளிகள் இந்தப் பள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே தோற்றால் வேறெந்த வாசலிலும் நான் போய் நிற்க முடியாது. எனக்கு ஐயமே இல்லை, உடனே ஒப்புக்கொண்டேன். விடைபெறும்போது சிஸ்டர் சொன்னார்: "ஒருத்தி நின்னாலும் நின்னதுதான். அப்புறம் அந்த ஒரு மணி நேரம் ஸ்டெல்லா டீச்சருக்கு."

கண்ணால் எடை போடுபவர்

பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்துகள் இருபத்தொன்பது வந்து சேர்ந்தன. வராத ஒன்று பேகம்பூரில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் காஜா பாயினுடையது. அவர் மகள் ரஹ்மத் வகுப்பிலேயே ஒல்லியான பெண், வகுப்பிலேயே நீண்ட நாக்குடையவள். கடைக்கே போனேன். வாடிக்கையாளர்கள் நின்றிருந்ததால் என் உரைக்கு நல்ல கூட்டம் இருந்தது. இதயம், நுரையீரல், எலும்பு என்று வரிசையாக விளக்கினேன். அவர் கத்தியைக் கீழே வைக்காமலே பொறுமையாகக் கேட்டார். இதயத்தையும் நுரையீரலையும் பற்றி அவருக்குச் சொல்லித்தர நான் போயிருக்கத் தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது. வியாழன்தோறும் விடியுமுன் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் நிற்பவர் அவர். அலைந்து திரிந்த ஆட்டில் கறி நிற்காது. மகள் ஏற்கெனவே காற்றடித்தால் பறப்பவள். அவளையும் ஓடவிட்டால் மிஞ்சுவது என்ன என்று கேட்டார்.

ஓடும் பிள்ளைக்குப் பசிக்கும், பசிக்கும் பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிடும், எட்டு வாரத்தில் எடை ஏறுமே தவிர இறங்காது என்று நான் அடித்துச் சொன்னேன். கடையில் நின்ற ஒருவர், "டீச்சர் சொல்றதும் சரிதானே பாய்" என்றார். அவருக்கு அரைக் கிலோ சீக்கிரம் கிடைக்க வேண்டியிருந்தது. காஜா பாய் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டார். "போட்டுட்டேன் டீச்சரம்மா. நான் கண்ணாலயே எடை போடுற ஆளு. எட்டு வாரங்கழிச்சு எம்மக அரைக் கிலோ குறைஞ்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுபோகும்."

பழனிக்குப் போன இரண்டு பேருந்துகள்

எங்கள் தொழிலின் முதல் பாடம் வேகமன்று, பேச்சு. பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். உடனே தணிக்க வேண்டும். இதை முதல் நாள் முப்பது பேரையும் மரத்தடியில் உட்கார வைத்து ஓர் உவமைக் கதையாகச் சொன்னேன். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு இரண்டு பேருந்துகள் புறப்பட்டன. முதல் பேருந்தின் ஓட்டுநர் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமல், எதிர்ப்பட்டதையெல்லாம் முந்திக்கொண்டு பறந்தார். ஒட்டன்சத்திரத்தில் வண்டி கொதித்துப் புகைவிட்டு நின்றது. இரண்டாவது ஓட்டுநர் நடத்துநரோடு குடும்பக் கதை பேசியபடி சீராக ஓட்டிப் பழனி போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளே, நீங்கள் எந்தப் பேருந்து என்று கேட்டுவிட்டு, அவர்கள் சிந்திப்பதற்காகச் சற்றே நிறுத்தினேன்.

அகரத்திலிருந்து தினமும் நின்றுகொண்டே பயணம் செய்து வருபவள் ஜெனிபர்; அமைதியான பெண். அவள்தான் கையைத் தூக்கினாள்: "மிஸ், ரெண்டுல எதுல உக்கார எடம் கெடைக்கும்?"

பேச்சுக்குப் பஞ்சமில்லை

முதல் வாரம் இரண்டு சுற்று, மூன்றாம் வாரம் மூன்று, ஐந்தாம் வாரம் ஐந்து. இருவர் இருவராகப் பேசிக்கொண்டே ஓடினார்கள். நானும் உடன் ஓடினேன். சினிமா தீர்ந்தது, தொலைக்காட்சித் தொடர் தீர்ந்தது, அவரவர் வீட்டுச் சண்டைகளும் ஒருவாறு தீர்ந்தன. பிறகு ஆசிரியைகளைப் பற்றிய பேச்சு தொடங்கியது. அது தீரக்கூடியதாகவே இல்லை. ரஹ்மத் கணக்கு டீச்சரைப் போல மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேசிக்காட்டுவாள். அதைக் கேட்பதற்காகவே ஜெனிபர் பின்தங்காமல் ஓடினாள். வகுப்பிலேயே மெதுவாக ஓடுபவள் அவள். கண்டிக்க வேண்டியது என் கடமை என்று அறிவேன். ஆனால் அந்தச் சிரிப்பு அவளை ஐந்து சுற்று இழுத்துச் சென்றதையும் கண்ணால் கண்டேன். கண்டிப்பை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தை இழந்த ஸ்டெல்லா டீச்சர், இழந்தது எப்படிச் செலவாகிறது என்று பார்க்க அவ்வப்போது மைதானத்துக்கு வருவது வழக்கம். ஒரு நாள் கைகளைப் பின்னால் கட்டியபடி ஓரமாக நடந்துகொண்டிருந்தவர், திரும்பும் இடத்தில் தம்முடைய குரலையே எதிரில் கேட்டார். ரஹ்மத் பாதி வாக்கியத்தில் உறைந்தாள். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போர்டுக்கு வந்து ஒரு வரி சொல்லுடின்னா மூச்சே வராது. என்னையப் பத்திப் பேச மட்டும் அஞ்சு சுத்துக்கு மூச்சு எங்கருந்துடி வருது?"

கையில் இருந்த கடிகாரம்

எட்டாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை சிஸ்டர் மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். முந்தைய நாளே முப்பது பேரும் ஏழு சுற்றைச் சிரமமில்லாமல் முடித்திருந்தார்கள். எனக்கு நம்பிக்கை பொங்கியது. பொங்கிய நம்பிக்கைக்கு மூடி போடும் பழக்கம் என்னிடம் இல்லை. வெறுமனே ஓடி முடித்தால் போதுமா, சிஸ்டர் வியக்க வேண்டாமா என்று தோன்றியது. எட்டு வாரமாகப் பையிலிருந்து எடுக்காத நிறுத்துக் கடிகாரத்தை அன்று கையில் எடுத்தேன். அன்று நான் உடன் ஓடவில்லை. கோட்டருகே நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தை உரக்க அறிவித்தேன். நன்று, இன்னும் வேகம், இலட்சியத்தை நோக்கி விரைக என்று முழங்கினேன்.

பிள்ளைகள் என்னை நம்பினார்கள். முதல் மூன்று சுற்றில் மைதானத்தில் காலடி ஓசை மட்டுமே கேட்டது, பேச்சொலி இல்லை. அதை ஒழுக்கம் என்று எண்ணி மகிழ்ந்தேன். நான்காம் சுற்றில் ஒருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் சுற்றில் ஜெனிபர் நின்று, குனிந்து, முழங்காலில் கையை ஊன்றினாள். எட்டாம் சுற்று முடிவதற்குள் பதினொரு பேர் நின்றுவிட்டார்கள். சிஸ்டர் எழுந்து அலுவலகத்துக்குள் போனார்.

பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தேன். தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவற்றைப் பற்றி நான் தொடங்கியபோது ரஹ்மத் எழுந்து நின்றாள். அவள் குரலில் குறும்பு இல்லை, கண் கலங்கியிருந்தது. "எங்க அத்தா கறிக்கடையில அம்புட்டு பேர் முன்னாடி கையெழுத்துப் போட்டாரு மிஸ். நீங்கதான் அந்த மொத பஸ்ஸு."

தவறான கேள்வி

அன்பர்களே, பிறருக்காக நான் கட்டிய உவமை என் வீட்டு முகவரியைக் கேட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டியது. போதிப்பவர் தம் பாடத்தைத் தாமே முதலில் மறப்பார் என்பதை அன்று கற்றேன். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். நேரே சிஸ்டரின் அறைக்குச் சென்று, தவறு பிள்ளைகளுடையதன்று, என்னுடையது என்று கூறினேன். நிபந்தனை நிபந்தனைதான் என்றார் சிஸ்டர். மேசைக்கு அந்தப்புறம் ஸ்டெல்லா டீச்சர் நின்றிருந்தார். புதிய கால அட்டவணை அவர் கையில் இருந்தது. அந்த நேரத்தை எட்டு வாரம் இழந்தவர் அவர். அது திரும்பி வந்த நாளில் அவரிடம் நான் எதை எதிர்பார்க்க முடியும்?

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நேரம் பார்த்து ஓட வேண்டும் என்பது சிஸ்டரின் நிபந்தனையில் இல்லையே என்று கேட்டார். இல்லை என்று சிஸ்டர் ஒப்புக்கொண்டார். "அப்ப இந்த மிஸ் கேள்வித்தாளையே தப்பா குடுத்துட்டாங்க சிஸ்டர். கேள்வி தப்புன்னா பிள்ளைங்க மார்க்கை வெட்டக் கூடாது, அது அநியாயம்."

கமர்கட்டு

சிஸ்டர் மறுதேர்வுக்கு ஒப்புக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமையைக் குறித்தார். நிறுத்துக் கடிகாரத்தைத் தம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வியாழன் காலை, கோட்டில் நின்ற முப்பது பேரும் தங்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டென்றார்கள். ரஹ்மத் என் உள்ளங்கையில் ஒரு கமர்கட்டை வைத்தாள். அந்த வெல்ல உருண்டை வாய்க்குள் போனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொள்ளும் என்பது நீங்கள் அறிந்ததே. "செத்த நேரம் சப்பிக்கிட்டு இருங்க மிஸ்" என்றாள். ஸ்டெல்லா டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. நான் வாயில் போட்டுக்கொண்டேன்.

ஓட்டம் தொடங்கியது; கூடவே பேச்சும் தொடங்கியது. முப்பது பேரும் பேசிக்கொண்டு சுற்றிவந்தார்கள். ஐந்தாம் சுற்றில் ஜெனிபரின் கால் தளர்ந்தது. போன வாரம் நின்ற அதே இடம். நடை என்று சொல்லிவிடக்கூடிய அளவுக்கு அவள் மெதுவானாள். என் நெஞ்சில் நூறு அறிவுரைகள் எழுந்தன; ஒவ்வொன்றும் வெல்லத்தில் சிக்கி நின்றது. ரஹ்மத் தன் வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்துக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடும் பாவனை செய்து, அசல் ஸ்டெல்லா டீச்சர் கேட்கும் தொலைவில், ஸ்டெல்லா டீச்சரின் குரலில், ஜெனிபரை போர்டுக்கு அழைத்தாள். ஜெனிபர் சிரித்தாள். சிரிப்பதற்கு மூச்சு இருந்தால் ஓடுவதற்கும் இருக்கும். ஆறு, ஏழு, எட்டு. கடைசியாக வந்தவள் அவள்தான், ஓரிடத்திலும் நிற்கவில்லை.

சிஸ்டர் எழுந்து வந்து, கால அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு எதிரே தாமே ‘ஓட்டம்’ என்று திருத்தி எழுதி, ஸ்டெல்லா டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபடி, ரஹ்மத்தை மதிய இடைவேளையில் வந்து தம்மைப் பார்க்கச் சொன்னார், எதற்கென்று சொல்லவில்லை. பள்ளி வாசலுக்கு வெளியே காஜா பாய் வண்டியோடு நின்றிருந்தார். வியாழக்கிழமையில் அவரை அய்யலூரைத் தவிர வேறெங்கும் கண்டவர் இல்லை. வியர்த்துப்போய் ஓடிவந்த மகளை ஒரு கண்ணைச் சுருக்கித் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். "சந்தை அடுத்த வாரமும் கூடும் டீச்சரம்மா. ஒரு கிலோ கூடத்தான் இருக்கா."

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இன்னும் திறக்கவில்லை: பேசிக்கொண்டே ஓடுங்கள் என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவள் நான், அந்த முப்பது பேரும் நிற்காமல் ஓடி முடித்ததோ நான் பேசாமல் நின்ற ஒரே ஒரு நாளில்தான்.