சக்கரத்தில் கட்டிய பாவு

காப்பீட்டு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி என்னை நெடுநேரம் எழுதவிடாமல் நிறுத்திவைத்தது. இரவில் வாகனம் எங்கே நிறுத்தப்படும்? பூட்டிய கொட்டகை, காவலுள்ள வளாகம், திறந்த தெரு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வாசலைத் தாண்டினால் நான்கு படிகள், அதற்கப்பால் தெரு. மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன். நின்ற நிலையிலிருந்து நான்கரை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் ஒரு வண்டியை, மாடு உரசிப் போகிற தெருவில் விட்டுவைக்கப் போகிறேன் என்பது அந்தக் குறியை இட்டபோதுதான் எனக்கு முழுமையாக உறைத்தது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தவள் என் மனைவி. பெண்கள் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். எனக்கும் ஓட்டத் தெரியும் என்றாலும், எங்கள் பழைய சிறிய காரை அவள்தான் ஓட்டுவாள். நான் இடப்பக்க இருக்கையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் முதுகு நிமிரும். அந்தக் காரால் இயன்றதைவிடச் சற்றுக் கூடுதலாக அதனிடம் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓய்வுக்குப் பின் ஒருநாள் சென்னைக்கு அழைத்துப்போய் இந்த வண்டியைக் காட்டினாள். விற்பனையாளரிடம் முடுக்கத்தைப் பற்றி அவள் கேட்ட கேள்விகளுக்கு அவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவந்து பதில் சொன்னார். முன்பதிவு செய்தோம். எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அவள் ஐந்தாம் மாதத்தில் இறந்துவிட்டாள்.

எட்டாம் மாதத்தில் அவளுடைய கைபேசி ஒலித்தது. நான் எடுத்தேன்.

"மேடம், குட் நியூஸ். உங்க வண்டி வந்துடுச்சு."

"அவங்க இல்லை" என்றேன்.

"எப்ப வருவாங்க சார்?"

சொன்னேன். பதிவை ரத்து செய்துகொள்ளலாம், ஒன்றும் சிக்கல் இல்லை என்று அந்த விற்பனையாளர் தணிந்த குரலில் சொன்னார். என் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். அவள் போன பிறகு, அவளுடையது என்று சொல்லும்படி இந்த உலகத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரே பொருள் அது. திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வண்டி வந்த அன்று தெரு முழுதும் வாசலுக்கு வந்தது. இயந்திரத்தை முடுக்கியபோது எழுந்த ஒலி செவிக்கு முன்பாக விலாவெலும்பை எட்டியது. எங்கள் தெருவில் தறிச்சத்தம் பகலெல்லாம் கேட்கும்; அந்த ஒலிக்குள் தறிகள் எல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டாற்போல இருந்தது. வண்டியின் பளிச்சென்ற நீல நிறத்துக்கு நிறுவனம் வேறொரு பெயர் வைத்திருந்தது. இரண்டு வீடு தள்ளியிருக்கும் நெசவாளர், மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "இது ஆனந்தா கலர்ப்பா" என்று தீர்ப்பளித்தார். அதன்பின் தெருவில் அதற்கு அதுவே பெயராயிற்று.

விற்பனையாளர் புறப்படுமுன் என்னைத் தனியே அழைத்தார்.

"சார், சாவிய மட்டும் வாசல் பக்கம் வெக்காதீங்க. ரெண்டு பேர் வருவானுங்க. ஒருத்தன் உங்க கதவாண்ட ஒரு பெட்டிய வெச்சுக்கினு நிப்பான், இன்னொருத்தன் வண்டியாண்ட. சாவியோட சிக்னலைப் புடிச்சு வண்டிக்குக் குடுத்துடுவானுங்க. கண்ணாடி உடையாது, சத்தம் வராது. ஒரு நிமிஷம் கூட ஆவாது."

முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் மின்காந்தவியல் கற்பித்தவன் நான். அவர் சொன்னதைக் கேட்டதும் அச்சத்துக்கு முன் வியப்பே எழுந்தது. ஒரு சாவி உறங்கும் வீட்டின் சுவர்களைத் தாண்டி இடைவிடாமல் தன் இருப்பை அறிவித்துக்கொண்டிருக்கிறது. சுவருக்கு அப்பால் நிற்பவன் அந்த மெல்லிய குரலைக் கையேந்தி வாங்கி, வேறோரிடத்தில் உரத்துச் சொல்கிறான். என் மாணவர்களில் எத்தனை பேருக்கு இவ்வளவு துல்லியம் கைவந்திருக்கும்? வியப்பு அடங்கியதும் அச்சம் வந்தது. அது போகவில்லை.

உலோகக் கூட்டுக்குள் அலை நுழையாது, உள்ளிருந்து வெளியேறவும் செய்யாது. அதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். சமையலறையில் அவளுடைய எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி இருந்தது. சாவியை அதில் வைத்து, மூடியை அழுத்தி, வண்டியருகே எடுத்துப்போய்க் கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. மூடியைச் சிறிது நகர்த்தினேன். விளக்குகள் விழித்தன, கதவு திறந்தது. அன்றிலிருந்து சாவி சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் நடுவே வாழ்ந்தது.

அதுவும் போதவில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகே பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் முதியவரிடம் போனேன். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பூட்டுத்தான் தொழில்.

"பாய், கார் சக்கரத்தை அசைய விடாத மாதிரி ஒரு பூட்டு வேணும்."

"என்ன வண்டி சார்?"

சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுவா! அத எடுக்கணும்னு ஒருத்தன் வந்தான்னா அவன் சாதாரண ஆளு இல்ல சார். என் பூட்டப் பாத்து சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சிரிக்கிற நேரமாவது தாமதமாகும் இல்லையா?"

"சபாஷ்" என்று அவரும் சிரித்தார். "அப்போ அவன் வயிறு வலிக்க சிரிக்கிற மாதிரியே செஞ்சு தர்றேன்."

முன் சக்கரத்தைக் கவ்விப்பிடிக்கும் கனத்த இரும்புத் தாடை ஒன்றைச் செய்து, மஞ்சள் வண்ணம் பூசித் தந்தார். ஸ்டீயரிங்குக்கு வேறொரு தடி. வண்டியிலேயே இருந்த அபாய ஒலிப்பானையும் அதன் உச்ச நுண்ணுணர்வில் வைத்தேன். ஒரு மாலை சுவாமி புறப்பாடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. மேளம் வண்டியை நெருங்கியதுதான் தாமதம், அது தன் முழுக் குரலில் அலறத் தொடங்கிற்று. கற்பூரத் தட்டோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சமையலறைக்கு ஓடி அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கடுகு சிந்த, சாவியோடு திரும்பிவந்து நிறுத்தினேன்.

"சாமியையே திருடன்னு நெனச்சிடுச்சு சார் உங்க வண்டி" என்றார் நெசவாளர்.

"இவரு பக்கத்துல நிக்கிறாரே, அதப் பாத்து கத்தியிருக்கும்" என்றாள் அவர் மனைவி.

ஒலிப்பானை அன்றே நிறுத்திவிட்டேன். அதன்பின் என் காதுகளே அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. வாரம் ஒருமுறை இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிடுவேன், வண்டியை நகர்த்தமாட்டேன். நகர்த்தினால் எங்காவது நிறுத்த வேண்டும். நிறுத்துமிடத்தில் என் வாசல் இருக்காது. பதினொரு வாரங்கள் இப்படிக் கழிந்தன. கடைசியில் நான் தோற்றேன். என் மனைவியின் தம்பி சென்னையில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறார். தரைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம், இரும்புக் கதவு, இரண்டு காவலர்கள். உறை போட்டு அங்கே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தோம். திரும்ப எப்போது எடுப்பது என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புறப்படுவதற்கென்று குறித்த காலை, சூரியன் எழுந்த சிறிது நேரத்தில் பையோடு கதவைத் திறந்தேன். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

தெருவின் நடுவே அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் பாவு நீண்டிருந்தது. தறியில் ஏற்றுமுன் நெடுக்கு இழைகளை இப்படித் தெருவில் இழுத்துக் கட்டி, அறுந்தவற்றை இணைத்து, கஞ்சி தடவி உலர்த்துவது எங்கள் தெருவின் வழக்கம், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அதன் முனையில் நின்று, அதன் நீளம் முழுவதையும் கண்மட்டத்தில் பார்த்தது அன்றுதான் முதல்முறை. ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றை ஒன்று தொடாமல், எல்லாம் ஒரே இறுக்கத்தில். இளவெயில் ஒரு பக்கமாக விழுந்து, காற்று லேசாக வந்தபோது, அந்த நிறம் மறுமுனையிலிருந்து அலையாகப் புறப்பட்டு என்னை நோக்கி வந்தது. அலை வந்து முடிந்த இடத்தைப் பார்த்தேன். பாவின் கயிறு என் வண்டியின் பின் சக்கரத்தில் கட்டப்பட்டிருந்தது.

நெசவாளர் கஞ்சித் தூரிகையோடு நிமிர்ந்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று.

"அய்யய்யோ, கெளம்புறீங்களா சார்?"

"கிளம்பணும்."

"இதுலயா? இது போவுமா?" என்றாள் அவர் மனைவி, பாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நீ கம்முனு இரு. சார், தப்பு என் மேலதான். பாவு கட்டுற கல்தூண கால்வா தோண்டறப்ப புடுங்கிட்டாங்க. கரண்டு கம்பத்துல கட்டுனா ஆட்டோக்காரன் ஏசுறான். உங்க வண்டிய மூணு மாசமா பாத்துக்கினு இருக்கேன், ஒரு இஞ்சு நவுரல. பூட்டு வேற போட்டு வெச்சிருக்கீங்க. தெருவுலயே இதான் உறுதியா இருக்குதுன்னு கட்டிட்டேன். கீறக்கூடாதுன்னு துணி சுத்தித்தான் கட்டியிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். சக்கரத்தின் பளபளப்பான கைகளில் பழைய வேட்டித் துணி நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது. நூறு கிலோமீட்டரை நான்கரை விநாடியில் எட்டும் இயந்திரம், மூன்று புடவைக்கான பட்டை இம்மியும் தளரவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றது.

"அவுத்துடட்டுமா சார்?" அவர் குரல் தாழ்ந்திருந்தது. கஞ்சி ஈரம் உலரவில்லை. இப்போது தளர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கும்; அந்தப் பாவு வீணாகும். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"காயட்டும்" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் அறுந்த இழைகளை விரல்நுனியில் தேடிப் பிடித்து, ஈரம் தொட்டு முறுக்கி, ஒன்றாக்கிக்கொண்டே வந்தாள். முடிச்சு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் அவள் என் மனைவியின் மாணவி.

"டீச்சர் இருந்திருந்தா நாங்க இதுல கட்டியிருக்க முடியுமா சார்?" என்றாள், தலை நிமிராமல். "ஒரு எடத்துல நிக்க வுட்டிருப்பாங்களா அத? வண்டி வரட்டும்டி, உன்ன முன்னாடி ஒக்கார வெச்சு தாமல் ஏரி வரைக்கும் ஓட்டிக் காட்டுறேன், நீ கத்துற கத்துல உன் வீட்டுக்காரனுக்குக் காது போயிடும்னு சொல்லிக்கினே இருப்பாங்க."

"என்கிட்ட சொன்னதில்லையே" என்றேன்.

"உங்ககிட்ட சொன்னா பயப்படுவீங்கன்னு சொன்னாங்க."

பாவு உலரும்வரை படியிலேயே இருந்தேன். அவர்கள் அதை இரு முனையிலிருந்தும் சுருட்டி எடுத்துப்போன பின், மஞ்சள் தாடையைக் கழற்றி நடையில் வைத்தேன். ஸ்டீயரிங் தடியையும் எடுத்தேன். பிறகு இரண்டு வீடு தள்ளிப் போய் அவர்களை அழைத்தேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து முன்னிருக்கையில் அமர்ந்தாள். அவர் பின்னால் ஏறி, இருக்கையைத் தொட்டுப் பார்த்து, "தோலா சார் இது?" என்று கேட்டார்.

ஊருக்குள் நான் ஓட்டியதை ஓட்டுதல் என்று சொல்ல முடியாது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்தினார். "சார், பாவு இன்னும் கட்டித்தான் இருக்குதா?" என்றார் நெசவாளர் பின்னிருக்கையிலிருந்து. மேற்கு நோக்கிய நெடுஞ்சாலையில் ஏறி, முன்னால் சாலை காலியாவதற்குக் காத்திருந்தேன். காலியானதும் காலை அழுத்தினேன்.

அந்த விசையின் அளவை என்னால் கணக்கிட முடியும். எண் எனக்குத் தெரியும். ஆனால் முதுகு இருக்கைக்குள் அழுந்தி, சாலையோரப் புளியமரங்கள் தனித்தனியாக இருப்பதை விட்டுவிட்டபோது, நான் படித்தது எதுவும் உதவிக்கு வரவில்லை. பொருள்களின் இயல்பு இத்தனை பெரிதா என்று வாழ்நாளெல்லாம் அதைக் கற்பித்த ஒருவன் மலைத்தான். பக்கத்தில் அந்த அம்மாள் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டு, "அய்யோ டீச்சர்!" என்று கத்தினாள்.

காலை எடுத்தேன். வண்டி தணிந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள்.

தாமலில் சாலையோரம் வண்டியை விட்டு ஏரிக்கரை மேல் ஏறினோம். அவ்வாண்டு மழை நன்கு பெய்திருந்தது. நீர் கரை விளிம்புவரை நின்றது. எதிர்க்கரை இருக்குமிடம் தெரியவில்லை. உபரிநீர் வழியும் கலங்கலில் நீர் கண்ணாடித் தகடாக வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நீர் அவ்வளவு அமைதியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணவனும் மனைவியும் கரையில் சற்றுத் தள்ளி நடந்துபோனார்கள்.

மைத்துனர் அழைத்தார்.

"மாமா, எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க? வாட்ச்மேன் எடம் புடிச்சு வெச்சிருக்கான்."

"தாமல் ஏரியில இருக்கேன்."

"ஏரியா? அது எதிர்ப் பக்கம் ஆச்சே! வண்டி?"

"கீழ ரோட்டுல நிக்குது. இனிமே அது எங்க தெருவுலதான் இருக்கும்."

"சரி, இப்ப யாரு பாத்துக்கிறாங்க அத?"

"யாரும் இல்லை."

"பூட்டுனீங்களா மாமா?"

எனக்கு நினைவில்லை. அப்படியே சொன்னேன்.