மாப்பிள்ளை நெற்றியில் சிலுவை

கேமரா வாங்கிய முதல் மாதத்தில் எங்கள் குடும்பத்தையே நீலமாக்கினேன். குண்டு பல்பு வெளிச்சத்துக்கான செட்டிங்கை வைத்துக்கொண்டு வெயிலில் படம் எடுத்தால் அப்படித்தான் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதைச் சரிசெய்யப் போய், அடுத்த வாரம் எல்லோரும் மஞ்சளானார்கள். "ஊட்ல எல்லாருக்கும் காமாலையாடா?" என்றாள் அக்கா. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஜிட்டல் கேமரா. கூட வந்த புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது. கண்ட பொத்தானையும் அமுக்கிப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு ஸ்டார் ஃபில்டரும் வாங்கினேன். லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடி வளையம் அது. மேலே கட்டம் கட்டமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். எது பளபளத்தாலும் அதிலிருந்து நாலு பக்கமும் ஒளிக்கதிர் நீளும். எவர்சில்வர் சொம்பு, சைக்கிள் மணி, பக்கத்து வீட்டுக்காரரின் வழுக்கை என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

அப்போதுதான் அக்காவின் கல்யாணப் பேச்சு வந்தது. விழுப்புரத்தில் தன்னோடு வேலை பார்த்தவரை அவளே பிடித்துக்கொண்டாள். அவரும் எங்களைப் போலவே வேதக்காரர், கிறிஸ்தவர்தான், அப்பா அம்மாவுக்கும் சம்மதம். ஆனால் திண்டிவனத்தில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, தலையாட்டாமல் பூசையில் சாமியார் வாசிக்கும் கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் கொடுக்க எங்கள் அப்பாவுக்குத் துணிச்சல் கிடையாது. அத்தையோ, "பையன் மூஞ்சில பக்தியே இல்ல" என்று ஒரே பிடியாக நின்றார். அக்கா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைத் தன் வீட்டுக்கு வந்து விருந்து சாப்பிடச் சொல்லி அத்தை உத்தரவு போட்டார்.

மே மாதம், கரண்ட் வேறு இல்லை. கோழிக்குழம்பை முன்னால் வைத்துவிட்டு, "பத்துக் கட்டளையையும் வரிசையா சொல்லுங்க தம்பி" என்றார் அத்தை. ஐந்துவரை ஒழுங்காக வந்தவர் ஆறாவதில் திக்கினார். மோக பாவத்தைப் பற்றிய கட்டளையை, அக்காவைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு யாரால்தான் சொல்ல முடியும்? நான் அந்த நேரம் பார்த்து ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன்.

பிரிண்ட் போட்டு, அக்காவும் நானுமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

"நெத்தியில சிலுவடா! மாதாவே குறி வச்சி அனுப்பிச்சிருக்காங்க!"

பார்த்தால், நெற்றி நடுவில் ஒரு வியர்வைத் துளியிலிருந்து நாலு கதிரும் நேராக நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "வாயத் தொறந்தினா கேமரா கெணத்துலதான் கெடக்கும், சொல்லிட்டேன்."

நான் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். அத்தைதான் விடவில்லை. முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு எடு" என்றார். எடுத்தேன். பவுடர் போட்ட முகம் எங்கே பளபளக்கும்? கேமராவின் சின்னத் திரையில் அத்தையின் நெற்றி வெறுமையாக இருந்தது. அவருக்குப் பின்னாலிருந்த தண்ணீர்க் குடத்தில் ஜம்மென்று ஒரு சிலுவை.

"கொடத்துக்குக் கூட இருக்குது. தெனம் பூசைக்குப் போய்க்கினு இருக்கிற எனக்கு இல்லியா?"

அத்தையின் கண் கலங்கிவிட்டது. அதட்டல் போடுகிற அத்தையைத்தான் எனக்குத் தெரியும், இது தாங்கவில்லை. கிணறாவது ஒன்றாவது என்று ஃபில்டரைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை அந்தக் கண்ணாடி வழியாக ஜன்னலைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் படத்தைக் கையில் எடுத்தார்.

"அப்போ இது சிலுவ இல்ல. வேர்வையா?"

"ஆமா அத்தே."

"என்னைப் பாத்தா இவ்ளோ வேர்த்துது?"

"கரண்டு இல்லாததால..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் காலைக் கிள்ளினாள்.

"பயந்துட்டாரு அத்தே. விழுப்புரம் போற வரைக்கும் பஸ்ல நடுங்கிக்கினே போனாராம்."

அத்தை படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் அந்தத் துளியைப் பார்த்தார். மெல்ல மெல்ல முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"உங்க மாமா சாவுற வரைக்கும் ஒரு நாள்கூட எனக்குப் பயந்ததில்லடா. இந்தப் பையன் நல்ல பையன். ஜல்தி போய் சாமியாருகிட்ட ஓலையக் குடுத்துட்டு வரச் சொல்லு உங்கப்பன."