சித்தப்பாவின் சின்ன லென்ஸ்

சித்தப்பா கேமராவிலிருந்து ஒரு லென்ஸைத் திருகிக் கழற்றி இன்னொன்றை மாட்டும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அது காதில் விழுந்ததும் அடுப்படியில் அம்மாவின் கை நின்றுவிடும். "இன்னாத்த மாட்னான், பாத்துட்டு வா" என்று என்னை வெளியே அனுப்புவாள். பெரிய லென்ஸ் என்றால் சமையல் தொடரும். சின்ன லென்ஸ் என்றால் கரண்டியும் கையுமாக அம்மாவே வாசலுக்கு வந்துவிடுவாள். ஒரு லென்ஸைப் பார்த்து ஒரு வீடு இப்படிப் பயப்படுமா என்று கேட்கலாம். எங்கள் வீடு பயந்தது. ஏன், எங்கள் தெருவே பயந்தது.

சித்தப்பா என் நைனாவின், அதாவது அப்பாவின், ஒரே தம்பி. கரண்ட் ஆபீசில் லைன்மேன். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் கழுத்தில் கேமராவோடு வந்துவிடுவார். கல்யாணத்துக்குக் கூலி வாங்கிப் படம் எடுக்கிற ஆளில்லை. அம்மா தோசையைத் திருப்பிப் போடுவது, நைனா கண்ணாடியைச் சன்னல் கம்பியில் மாட்டிச் சவரம் செய்வது, நான் திருப்பதி காலேஜ் பஸ்ஸுக்கு ஓடுவது, இதெல்லாம்தான் அவருக்குப் படம். சந்திரகிரிக் கோட்டைக்குக் குடும்பத்தோடு போனபோது கூட, கோட்டையை விட்டுவிட்டுப் புளிசோறு துன்னுகிற எங்களையே எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அவரிடம் இருந்தது கேமராவோடு வந்த பெரிய லென்ஸ் ஒன்றுதான். கிட்டே இழுக்கலாம், தூரத் தள்ளலாம், பத்துப் பேரை ஒரே படத்தில் அடைக்கலாம். யாருக்கும் அதன்மேல் எந்தப் புகாரும் இல்லை.

புகார் அத்தை செத்துப்போனபோது ஆரம்பித்தது. கருமாதிக்கு மாலை போட்டு வைக்க அத்தை தனியாக நிற்கிற படம் ஒன்று வேண்டும். அத்தனை ஆயிரம் படங்களில் அப்படி ஒன்று கூட இல்லை. எல்லாவற்றிலும் அத்தையின் தோளில் யாரோ ஒருவர் சாய்ந்திருந்தார், பின்னால் கொடியில் பாவாடை தொங்கியது, கேஸ் சிலிண்டர் எட்டிப் பார்த்தது. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போய் எடுத்த மாதிரி, மிரண்ட கண்ணோடு அத்தை சுவரில் இருந்தாள். சித்தப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. வீடு நிறையப் படம் எடுத்தவன், கூடப் பிறந்தவளுக்கு ஒரு படம் எடுக்காமல் போய்விட்டேனே என்று எல்லோர் எதிரிலும் அழுதார். அடுத்த மாதமே திருப்பதியில் ஒரு கல்யாண போட்டோகிராபர் விற்ற ஐம்பது எம்.எம். சின்ன லென்ஸை வாங்கிவந்தார். அதில் எடுத்தால் ஆள் மட்டும் பளிச்சென்று தெரிவார். பின்னால் இருக்கும் பாவாடையும் சிலிண்டரும் கரைந்துபோகும். அதை வைத்து ஊரில் வயதானவர்களை ஒவ்வொருவராக, தனித்தனியாக எடுக்க ஆரம்பித்தார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் வயதானவர்கள் சாகிறவர்கள்தானே! பக்கத்து வீட்டுத் தாத்தா செத்தார், பெரியப்பா செத்தார், இரண்டு பேரும் சின்ன லென்ஸில் உட்கார்ந்தவர்கள். தெரு கணக்குப் போட்டுவிட்டது. லைன்மேனுக்கு முன்கூட்டியே தெரிகிறது, ஆஸ்பத்திரிக்காரர்கள் அவனிடம்தான் சொல்கிறார்கள் என்று பேச்சு. ஒரு கல்யாணத்தில் சித்தப்பா அந்த லென்ஸைத் திருப்பியதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எச்சில் கையோடு பக்கத்து ஆளை இழுத்து ஒட்டவைத்துக்கொண்டார். "ரெண்டு பேரா எடுப்பா, ரெண்டு பேரா எடு!" என்று ஒரே கத்தல். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் நைனாவுக்கு வயிற்று வலி வந்தது. சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. சித்தப்பாதான் திருப்பதிக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தார். சாயங்காலம் இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். "அல்சர் அண்ணி. காரம் கொறைக்கச் சொன்னாரு, அவ்ளோதான்" என்று சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். எப்போதும் டீ குடிக்காமல் போகாதவர் அன்றைக்கு டீ வேண்டாம் என்றார். அம்மா அதைக் கவனித்தாள். நானும் கவனித்தேன். சந்தேகப்படுவது எனக்கு அம்மா வழியில் வந்த சொத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். 'டக்'. அம்மா என்னை அனுப்பவில்லை, நேராக வந்துவிட்டாள்.

"ஏம்பா, எதுக்கு இத்த மாட்ன? டாக்டர் இன்னா சொன்னாரு, சொல்லு."

"பெரிய லென்ஸு ரிப்பேர் அண்ணி."

அம்மா குனிந்து அவருடைய பையைத் திறந்தாள். பெரிய லென்ஸை வெளியே எடுத்து வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றினாள். "நல்லாத்தான சுத்திகினு கீது! யார்கிட்ட கத உடற?" என்று கத்தினாள். நைனா அவள் பக்கம் திரும்பி, வாயிலிருந்த கடலையோடு அப்படியே சிரித்தார். "வுடு புள்ள, எடுத்துட்டுப் போறான்" என்றார். சித்தப்பா அழுத்திவிட்டார்.

மறு நிமிஷம் அம்மா லென்ஸைப் பையில் போட்டுவிட்டு நைனாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு கேமரா வந்தால் அம்மாவும் வந்துவிடுவாள். நைனா மாத்திரை விழுங்கும் படத்தில் அம்மா, தூங்கும் படத்தில் அம்மா, மாந்தோப்பில் காய் தடவிப் பார்க்கும் படத்தில் அம்மா. எல்லாவற்றிலும் சித்தப்பாவை முறைத்துக்கொண்டிருப்பாள். தனியாக விட்டால்தானே எமன் அடையாளம் பிடிப்பான் என்று நினைத்தாளோ என்னவோ. நான் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். இருமினால் சந்தேகம், பேசாமல் இருந்தால் சந்தேகம், ஜோக் அடித்தால் அதைவிடச் சந்தேகம். ஒருநாள் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நேராகவே கேட்டேன். "அல்சர்தாம்மா" என்றவர், என்னைப் பார்க்காமல் பஸ்ஸின் போர்டைப் பார்த்தார்.

மாங்காய் இறங்குவதற்குள் நைனா போய்விட்டார். படம் தேடினோம். மாலை போடத் தோதாக அவர் தனியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கடலை உரிக்கிற படம். அதை மாட்டும்போது சித்தப்பா உடைந்துபோய்ச் சொன்னார். டாக்டர் அன்றைக்கே அவரையும் நைனாவையும் உட்காரவைத்து, அல்சர் இல்லை, அதிக நாள் தாங்காது என்று சொல்லிவிட்டாராம். "அண்ணன்தான் சத்தியம் வாங்கிகினாரு அண்ணி. அவளுக்குத் தெரிஞ்சா துன்றத நிறுத்திடுவா, சொல்லாதடான்னாரு."

"ரெண்டு பேரும் சேந்துகினு என்ன வெளிய நிக்க வெச்சிட்டீங்களேடா" என்று கேட்டு அம்மா அழுதாள். அந்த அழுகையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. நைனா போனதைவிட, எல்லாம் தெரிந்தே அவர் தன்னைப் பார்த்துச் சிரித்ததுதான் அவளை வதைத்தது. சித்தப்பா அதன் பிறகு எங்கள் வீட்டுக்குக் கேமரா கொண்டுவரவில்லை. தன் பேரப்பிள்ளைகளைக் கூட செல்போனில்தான் எடுப்பார்.

எங்கள் கூடத்துப் படத்தில் நைனா நேராகப் பார்ப்பதில்லை. வருகிறவர்கள் எல்லாம் ஏன் ஒருபக்கமாகப் பார்த்துச் சிரிக்கிறார் என்று கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அம்மா லென்ஸைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள் என்று எத்தனை பேருக்கு விளக்குவது?

போன மாதம், இப்போது நான் இருக்கும் திருப்பதியிலிருந்து சொல்லாமல் ஊருக்குப் போனேன். கூடத்தில் அம்மா பட்டுப்புடவை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே சித்தப்பா. கையில் கேமரா, கேமராவில் சின்ன லென்ஸ்.

"யாரு கூப்பிட்டது உங்கள?" என்று சித்தப்பாவிடம் சீறினேன்.

"நாந்தான் கூப்ட்டேன்" என்றாள் அம்மா. "அவுரு இந்தப் பக்கம் பாத்துகினு கீறாரு. என்ன அவுரு பக்கம் பாக்கற மாதிரி எடுக்கச் சொன்னேன். பக்கத்துல மாட்டனா ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிகினா நல்லாவா இருக்கும்?"

அவள் முழங்கை மடிப்பில் சிறு பஞ்சு ஒட்டியிருந்தது. புதிதாக ரத்தம் எடுத்த இடம். பட்டு ஜாக்கெட்டின் கை அதை மறைக்கவில்லை. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து கேமராவில் எதையோ திருகினார். டீ குடித்தாரா என்று கூட என் கண் டம்ளரைத் தேடியது. "டாக்டர் என்ன சொன்னார்? எப்பப் போனீங்க? சித்தப்பா, இங்க பாருங்க" என்றேன். குரல் எனக்கே அம்மாவின் குரல் போலக் கேட்டது.

அம்மா என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"அவன் மூஞ்சிய ஏன் பாக்கற? என் மூஞ்சியப் பாரு" என்றாள். "உக்காரு. இன்னான்னு நானே சொல்றேன்."