சந்தனத்துக்கு அடியில் இருந்த எழுத்து

தென்காசியில் நான் சைக்கிள் வாங்கிய லட்சணத்தைக் கேளுங்கள். குற்றாலத்து மலையடிவாரத் தடங்களில் ஓட்ட வேண்டும், முன்னும் பின்னும் குலுங்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே வண்டியில் கிடைக்கும் என்று நம்பிய அறிவாளி நான்.

கடைக்காரர் சீட்டை ஓர் அமுக்கு அமுக்கினார். அது துள்ளியது. "மெத்தை கணக்கா இருக்கும் சார். மலையே ஏறலாம்" என்றார். அந்தத் துள்ளலுக்கே மயங்கிவிட்டேன். புது வண்டியாயிற்றே என்று சட்டத்தில் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்துக் கொடுத்தார். என்ன பக்தி!

மறுநாள் காலை சரிவில் இறங்கும்போது, பின்சக்கரப் பகுதியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட் கழன்றுவிட்டது. சக்கரம் ஒரு பக்கம் இழுக்க, ஓடைக்குள் விழுந்தேன். இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் பாறையில் மண்டை உடைந்திருக்கும். தண்ணீரில் கிடந்த சைக்கிளைத் தூக்கினால், சந்தனம் கரைந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர். கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

கடைக்குப் போய்க் கத்தினேன். மனிதர் அசரவே இல்லை.

"நீங்க இங்கிலீஷ் வாத்தியார்லா சார்? படிச்சிருப்பியன்னு நெனச்சேன்."

வினாத்தாளை முழுசாகப் படிக்காத பிள்ளைகளைத் தினமும் திட்டுகிறவன் நான்.

அந்த டப்பாவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள உறுதியான சைக்கிள் ஒன்றை வேறு கடையில் வாங்கினேன். சீட்டை அமுக்கவில்லை. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். அந்தக் கடைக்காரரும் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க, இன்னும் படிச்சு முடிக்கல" என்றேன்.